ஒரே கிடாரத்துச் சோறு

இராசதுரைக்குப் பாட வராது. எங்கள் சபையில் எல்லோருக்கும் இது தெரியும். ஞானப்பாட்டு தொடங்கியதும் வாயைத் திறப்பான், முன் வாங்கில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், உடனே மூடிக்கொள்வான். செபக் கூட்டத்தில் கண்ணை மூடினால் இரண்டாம் நிமிடம் குறட்டை வரும். ஒருமுறை ஞாயிறு பாடசாலைக்கு விட்டுப் பார்த்தோம். ஐயாயிரம் பேருக்கு அப்பமும் மீனும் கொடுத்த கதையைச் சொல்லச் சொன்னால், ஐயாயிரம் பேருக்குப் புரியாணி போட எத்தனை மூடை அரிசி வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தான்.

ஆனால் சமைப்பான். எப்படிச் சமைப்பான் என்று நான் எழுதினால் உங்களுக்குப் பசிக்கும், அதனால் விடுகிறேன். சாய்ந்தமருதில் கலியாண வீடு என்றாலும் காரைதீவில் அன்னதானம் என்றாலும் அவனைத்தான் தேடி வருவார்கள். கறுத்த, குட்டையான மனிதன். ஐம்பது தாண்டியும் தலைமயிர் கொட்டவில்லை. அடுப்பை மூட்டுமுன் தலைத்துண்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, "ஆண்டவரே, உப்புச் சரியா விழட்டும்" என்பான். அவனுடைய முழுச் செபமும் அவ்வளவுதான். அந்தச் செபத்துக்குக் கிடைத்த பதில் என் ஒரு மணி நேரச் செபங்களுக்குக் கிடைத்ததில்லை.

நான் பியூலா. தபால் கந்தோரில் முப்பத்திரண்டு வருசம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவள், சபையின் காரியதரிசி. என் வாய்க்குப் பயந்துதான் அந்தப் பதவியைத் தந்தார்கள் என்று கல்முனையில் ஒரு கதை உண்டு. அது பொய் என்று நானும் சொல்லமாட்டேன். இராசதுரையைப் பற்றி எழுத என்னைவிட நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அவன் வாழ்க்கையில் நடந்த ஒரு வெட்கக்கேட்டில் எனக்கும் பங்கு உண்டு. அதை வேறு யாரும் எழுத முடியாது.

சுனாமி வந்த ஐந்தாம் நாள் அவன் ஒரு பள்ளிக்கூட முகாமில் இருந்தான். பாண்டிருப்பில் இருந்த வீடு போய்விட்டது. அந்த முகாமில் தமிழர்களும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். எல்லோருக்குமாகச் சமைக்க ஒரே ஒரு பெரிய கிடாரம்தான் கிடைத்தது. சாய்ந்தமருதில் கோழிக்கடை வைத்திருந்த அப்துல் கபூர் காக்காவும் அங்கே இருந்தார்; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். கடை போய்விட்டது, கத்தி மட்டும் கையில் இருந்தது. யாரோ லொறியில் கோழி கொண்டுவந்து இறக்கினார்கள். காக்கா பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தார், இராசதுரை சமைத்தான். இரண்டு சனமும் ஒரே கிடாரத்துச் சோற்றைத் தின்றார்கள். பசியில் அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. இராசதுரை மட்டும் நினைத்தான்.

அடுத்த வருசம் ஓகஸ்ட் பதினாறு, எங்கள் ஆலயத்துக்கு அத்திவாரக்கல் வைத்த நாள் வந்தபோது, அவன் போதகரிடம் போய் நின்றான். "ஐயா, எனக்கு வேற ஒண்டும் தெரியாது. ஆண்டவருக்கு இதத்தான் குடுக்கலாம். அந்த முகாம் ஆக்களக் கூப்பிடுவம், நான் ஆக்கிறன்" என்றான். அப்படித் தொடங்கியது. அன்று விடிய சுபஹு தொழுதுவிட்டுக் கபூர் காக்கா கத்தியோடு ஆலயத்துப் பின்வளவுக்கு வருவார். கோழி எல்லாவற்றையும் அவரே அறுப்பார்; அப்படி முறைப்படி அறுத்ததைத்தான் அவர்கள் சாப்பிடலாம். மத்தியானம் மண்டபத்தில் பாய் விரித்து, சஹன் வைப்போம். ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு அது. முஸ்லிம் வீடுகளில் பழக்கமானது, எங்கள் சனமும் பழகிவிட்டது. ஒவ்வொரு சஹனிலும் எங்கள் ஆட்கள் மூன்று பேர், அவர்கள் ஆட்கள் மூன்று பேர் என்பது இராசதுரை வைத்த சட்டம். சோற்றுக்கு மேலே ஒரு முழுக் கோழி. கோழி இல்லாத சஹனைக் கொண்டுபோய் ஒருவர் முன்னால் வைத்தால், அது வாசலில் வைத்து அனுப்புவதற்குச் சமம்.

பத்தொன்பது வருசம் ஒரு குறையும் வரவில்லை. இருபதாவது வருசம் சபை கூடி, இராசதுரைக்குப் பொன்னாடை போர்த்துவது என்று தீர்மானித்தோம். தீர்மானத்தை எழுதியவள் நான்தான். அவன் வெட்கப்பட்டு வேண்டாம் என்றான். ஆனால் அந்தக் கிழமை புதுச் சட்டை தைத்தான். மனுசன்தானே.

அந்த வருசம் ஓகஸ்ட் பதினாறு வெள்ளிக்கிழமையில் வந்தது. ஜும்ஆத் தொழுகை முடிந்து அவர்கள் வருவதற்காகச் சாப்பாட்டை இரண்டு மணிக்கு வைத்தோம். நூற்றிருபது பேருக்கு இருபது சஹன், கைகாவலாக இரண்டு. காக்கா இருபத்திரண்டு கோழி அறுத்துக் கொடுத்துவிட்டு, குளித்துப் பள்ளிவாசலுக்குப் போக வீட்டுக்குப் போய்விட்டார். எல்லாம் பண்ணையில் வளர்ந்த இறைச்சிக் கோழி.

பன்னிரண்டேகாலுக்கு ஒரு பஸ் வந்து நின்றது. விநாயகபுரத்துச் சபையார் நாற்பத்துமூன்று பேர். பொன்னாடை விசயம் கேள்விப்பட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறார்கள். போதகர் கைகூப்பி வரவேற்று உள்ளே கூட்டிப் போனார். ஆராதனை நடந்துகொண்டிருந்தது. நான் சமையல்கட்டுக்கு ஓடினேன்.

இராசதுரை கிடாரத்துக்குப் பக்கத்தில் அகப்பையோடு நின்றான். என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது.

"எத்தின பேர் அக்கா?"

"நாப்பத்திமூண்டு."

"இன்னும் ஏழெட்டுச் சஹன். அரிசி கிடக்கு. கோழிக்கு என்ன செய்யிற?"

கல்முனைக் கடைத்தெரு வெள்ளிக்கிழமை அந்த நேரம் எப்படிக் கிடக்கும் என்பது ஊராருக்குத் தெரியும். ஷட்டர் எல்லாம் கீழே. ஆண்கள் எல்லோரும் பள்ளியில். ஒன்றேகால் வரை ஒரு கோழியும் வாங்க முடியாது, அறுக்கவும் ஆள் கிடையாது. ஒன்றேகாலுக்குப் பிறகு அறுத்து, உரித்து, வேகவைத்து, தம் போட்டு எடுக்க மூன்று மணி தாண்டும்.

சமையல்கட்டின் மூலையில் எட்டு நாட்டுக்கோழிகள் கால் கட்டிக் கிடந்தன. இராசதுரையின் அக்கா செல்லத்தங்கம் அன்று காலை சவளக்கடைக் கிராமத்தில் இருந்து கொண்டுவந்தவை. அவ கோயிலுக்குப் போகிறவ, எங்கள் சபை இல்லை. தம்பி செய்கிற காரியத்துக்கு என்னால் ஆனது என்று, விழா முடிந்து ஆலயத்தில் நடக்கும் ஏலத்தில் விடக் கொடுத்துவிட்டுப் போயிருந்தா.

"உன்ட அக்கா கொண்டு வந்தது நிக்குதே" என்று சொன்னவள் நான்தான். அவன் சொல்லவில்லை.

அவன் கோழிகளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "இத வேற சட்டியில ஆக்கி, நம்மட ஆக்களுக்கு மட்டும் வைப்பமா அக்கா?"

நல்ல யோசனை. அதைக் கேட்டிருந்தால் இன்று இதை எழுதவேண்டி வந்திராது. ஆனால் எனக்கு அவசரம், எனக்குப் பெருமை. ஒரே கிடாரம் என்று ஊர் முழுக்கச் சொல்லி, அழைப்பிதழிலும் அச்சடித்து வைத்திருந்தேன். "இண்டைக்கு உனக்குப் பொன்னாடை போடுற நாள். ரெண்டு சட்டி வெச்சா என்ன ஏது எண்டு ஆயிரம் கேள்வி வரும். ஆரு பாக்கப் போறா? கெதியாச் செய்" என்றேன்.

அவன் அகப்பையைக் கீழே வைத்தான். அவனும் புதுச் சட்டை தைத்தவன்தான். அன்று இருபது வருசப் பெயர் கெட்டுப்போகக் கூடாது என்று அவனும் நினைத்தான், அதை அவனே பிறகு சொன்னான். கோழிகளின் கால்களை நான் பிடித்தேன், அவன் கழுத்தைத் திருகினான். உள்ளே சபையார் கடைசிப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். எட்டையும் பிரஷர் குக்கரில் போட்டு அவித்துக் கிடாரத்தில் சேர்த்தான். அந்தத் தடவை அவன் தலைத்துண்டைக் கழற்றவில்லை, உப்பைப் பற்றி ஆண்டவரிடம் ஒன்றும் கதைக்கவுமில்லை.

இரண்டு மணிக்கு விருந்தாளிகள் வந்தார்கள். கபூர் காக்கா, மருதமுனையில் தறி வைத்திருக்கிற மசூர், ஆசிரியர் நஸீர், அவர்களுடைய பிள்ளைகள் என்று அறுபது பேருக்குக் குறையாது. இருபத்தேழு சஹன் வைத்தோம், எல்லாவற்றிலும் கோழி இருந்தது. நான் தண்ணீர்க் கூசாவோடு ஒவ்வொரு வட்டமாகப் போனேன். யாரும் குறை சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். எட்டுக் கோழியைத் தாராளமாக மறைக்கலாம்.

சாப்பாடு முடிந்ததும் போதகர் ஒலிவாங்கியைப் பிடித்தார். பாட்டும் பிரசங்கமும் மட்டும் ஆராதனை இல்லை, கையில் இருக்கிற தொழிலையே காணிக்கையாகக் கொடுத்த மனிதன் இதோ இருக்கிறான் என்றார். பொன்னாடையைப் போர்த்தக் கபூர் காக்காவைத்தான் கூப்பிட்டார். காக்கா கை கழுவிக்கொண்டு வந்து, இராசதுரையின் தோளில் அதைப் போட்டு, இரண்டு பக்கமும் இழுத்துச் சரி செய்தார். இராசதுரை அழுதான். தோள் குலுங்க அழுதான். ஆனந்தக் கண்ணீர் என்று எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மற்றவர்களைவிடப் பலமாகத்தான் தட்டினேன்.

ஐந்து நாள் அவன் எங்கும் சமைக்கப் போகவில்லை. ஆறாம் நாள் காலை என் வீட்டுப் படலையில் வந்து நின்றான்.

"நான் காக்காட வீட்ட போறன் அக்கா. சொல்லப் போறன்."

எனக்குக் கோபம் வந்தது. "உனக்கென்ன விசரா? திண்டாச்சு, செமிச்சாச்சு. இப்ப போய்க் கிளறி, ரெண்டு சனத்துக்கும் நடுவில நெருப்ப வைக்கப் போறியா? இந்த ஊரு எப்பிடி எண்டு உனக்குத் தெரியாதா?" என்று கத்தினேன். ஊர் அமைதிக்காகக் கத்துவது போலத்தான் எனக்கே தோன்றியது. உண்மையில் எனக்காகத்தான் கத்தினேன்.

"தெரியும் அக்கா. ஆனா அடுப்புக்கு முன்னால நிக்க ஏலாமக் கிடக்கு" என்றான். "ஆண்டவருக்கு எண்டு ஆக்கின சோறு. அதுக்குள்ள பொய்யப் போட்டுக் கிண்டிப்போட்டன்."

அவனைத் தனியே விட எனக்குப் பயம். என்னத்தைச் சொல்வானோ, என் பெயரையும் இழுப்பானோ என்ற பயம். அதனால் கூடப் போனேன். துணைக்குப் போனேன் என்று இன்றும் சிலர் என்னைப் புகழ்கிறார்கள்.

கபூர் காக்காவின் வீடு ஆலயத்தில் இருந்து நடந்தால் ஐந்து நிமிடம். அவருடைய மனைவி ஹாஜறா எனக்கு முப்பது வருசப் பழக்கம். இருக்கச் சொல்லி, தேத்தண்ணியும் தொதலும் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவு நிலையில் சாய்ந்து நின்றா. காக்கா சாரனோடு கதிரையில் இருந்தார். இராசதுரை இருக்கவில்லை. நின்றபடி சொன்னான். கோழி போதாமல் போனது, நாட்டுக்கோழிகளின் கழுத்தைத் தானே திருகியது, ஒரே கிடாரத்தில் போட்டது, பொன்னாடைக்காக வாயை மூடியது எல்லாவற்றையும் சொன்னான். "நான் செய்தன் காக்கா" என்றான். நான், நான் என்றே சொன்னான். அவன் கதையில் பியூலா என்று ஒருத்தி இல்லவே இல்லை. யோசனை சொன்னவளும் இல்லை, கால் பிடித்தவளும் இல்லை. நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் இருந்தேன். வாயைத் திறக்க எனக்கு நேரம் இருந்தது. தாராளமாக இருந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன், பாவத்தின் பக்கம் நான் இருந்தேன்.

காக்கா மெதுவாகச் சொன்னார்.

"எனக்கு வாயில வெச்ச உடனே விளங்கிட்டு, ராசதுரை. அது நாட்டுக்கோழி. நான் அறுத்தது அவ்வளவும் பண்ணைக் கோழி. நான் அறுத்த கோழி எனக்குத் தெரியாதா?"

இராசதுரை தலையை நிமிர்த்தினான்.

"ஆனா நான் ஒண்டும் கேக்கல. ஏன் தெரியுமா? கோழி போதாமப் போயிருக்கும், ராசதுரை நம்மட ஆள் ஆரையும் கூப்பிட்டு அறுத்திருப்பான் எண்டு நினைச்சன். மறுகா அதப் பத்தி நினைச்சும் பாக்கல. என்ட பக்கத்தில என்ட பேரன் இருந்தான். அவன்ட பக்கத்துக்கு நல்ல துண்டாப் பிச்சு வெச்சன்."

அதற்குப் பிறகு அவர் சத்தம் போட்டிருந்தால் எங்களுக்கு நல்லதாக இருந்திருக்கும். அவர் போடவில்லை. கதவு நிலையில் நின்ற ஹாஜறாதான் கதைத்தா, அவனைப் பார்த்தல்ல, என்னைப் பார்த்து.

"நான் வீட்டுலதானே இருந்தன் பியூலா. எனக்கு ஜும்ஆ இல்லையே. ஒரு புள்ளய அனுப்பியிருந்தா ஓடி வந்து அறுத்துத் தந்திருப்பன். பொம்புள அறுத்தாலும் கூடும், ஹலால்தான். உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. முப்பது வருசம் அவ வீட்டு நோன்புக் கஞ்சி குடித்திருக்கிறேன், அவ மகளின் கலியாணத்தில் முதல் வரிசையில் இருந்திருக்கிறேன். இந்த ஒன்றைக் கேட்டு வைத்திருக்கவில்லை. அன்று மத்தியானம் அவவைக் கூப்பிடவேண்டும் என்ற எண்ணம் கூட எனக்கு வரவில்லை. ஆண்கள் பள்ளியில் என்றதும் ஊரே காலி என்று நினைத்துவிட்டேன். வெட்கம் என்றால் என்ன என்று எனக்கு அதுவரை தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

"எங்களுக்குக் குத்தமில்ல" என்றார் காக்கா. "தெரியாமத் திண்டவனுக்கு அல்லாஹ் குத்தம் புடிக்கமாட்டான். ஆனா மத்த ஆக்களுக்கு நான் சொல்லமாட்டன் ராசதுரை. அது என்ட வேல இல்ல."

இராசதுரைக்கு விளங்கியது. அடுத்த நாள் சைக்கிளை எடுத்தான். அறுபது பேர், இருபத்துநாலு வீடு. வேலைக்குப் போவது போல ஒவ்வொரு நாளும் காலையில் மூன்று வீடு, நாலு வீடு என்று போனான். வாசலில் நின்று, செருப்பைக் கழற்றி, அதையே சொன்னான். நஸீர் மாஸ்டர் கேட்டு முடித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். மசூரின் தாய் வாயில் வந்தபடி ஏசினா, கடைசியில் அழுதா. ஒரு வீட்டில் இளம் பொடியன்கள் சிரித்தார்கள். ஒரு கிழவர் அவனை இருக்கவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பொன்னாடையை மடித்து ஒரு உறையில் போட்டு, போதகரின் மேசையில் வைத்துவிட்டுப் போனான். போதகர் ஆனைக்கும் அடி சறுக்கும் என்று என்னிடம் சொல்லிப் பெருமூச்சு விட்டார். ஓம் ஐயா என்றேன். நானும் வாறன் என்று ஒரு நாளாவது இராசதுரையிடம் சொன்னேனா என்றால், இல்லை. எனக்கு முழங்கால் வருத்தம் இருந்தது. முழங்கால் வருத்தம் உண்மைதான். அதற்கு முதல் கிழமை சந்தைக்கு நடந்து போனதும் உண்மைதான்.

அந்த வருசம் அவனுக்கு வேலை குறைந்தது. முஸ்லிம் கலியாண வீடுகள் கூப்பிடவில்லை. அவன் யாரையும் குறை சொல்லவில்லை. மரக்கறிச் சாப்பாடு, கோயில் அன்னதானம், எங்கள் ஆட்களின் மரண வீடு என்று ஓட்டினான். அடுப்புக்கு முன்னால் தலைத்துண்டைக் கழற்றும் பழக்கம் திரும்பி வந்தது. உப்பைப் பற்றிய செபத்துக்குப் பிறகு இப்போது அவன் ஏதோ இன்னொன்றும் சொல்கிறான். உதடு அசையும், எனக்குக் கேட்காது. கேட்கப் பக்கத்தில் போனதும் இல்லை.

அடுத்த ஓகஸ்டில் ஆண்டுவிழா வைப்பதா என்றே சபையில் விவாதம் நடந்தது. இராசதுரை எழுந்து, "நான் ஆக்கிறன். வாறவங்க வரட்டும்" என்றான். கிடாரத்தில் கோழி போடவில்லை. மரக்கறிப் புரியாணி, பருப்பு, கத்தரிக்காய்ப் பிரட்டல். அழைப்பிதழை நான்தான் எழுதினேன். ஒரே கிடாரம் என்ற சொல்லை எடுத்துவிட்டேன்.

அறுபது பேர் வந்த இடத்தில் பதினொரு பேர் வந்தார்கள். நஸீர் மாஸ்டர் வரவில்லை. கபூர் காக்கா வந்தார், பேரனையும் கூட்டி வந்தார். மண்டபத்தின் நடுவில் ஒரு சஹனைச் சுற்றி மூன்று பேரும் மூன்று பேருமாக இருந்தார்கள். இராசதுரை சஹனைக் கொண்டுவந்து அவர்கள் நடுவில் வைத்துவிட்டு, வழக்கம் போல நகரப் போனான்.

காக்கா கை வைக்கவில்லை. பேரனின் கையையும் தன் கையால் மெல்லப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இதுக்குள்ள என்ன கிடக்கு?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. மற்றவர்களுக்குக் கேட்கட்டும் என்றும் கேட்கவில்லை. சாதாரணமாக, புதிய கடையில் ஒருவர் கேட்பதுபோலக் கேட்டார். இருபது வருசத்தில் அவர் ஒருமுறையும் அப்படிக் கேட்டதில்லை.

இராசதுரை சஹனுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தான். "அரிசி, காக்கா. கரட், போஞ்சி, உருளைக்கிழங்கு. மரக்கறி எண்ணெய். நெய் ஹாஜறா ராத்தா தந்தது. கறுவா, ஏலக்காய், கராம்பு. உப்பு" என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். சொல்லிவிட்டு, ஏதாவது விடுபட்டதா என்று யோசித்து, "பெருஞ்சீரகம் கொஞ்சம்" என்றான்.

காக்கா தலையை ஆட்டினார். பேரனின் கையை விட்டார். பிஸ்மில்லாஹ் சொல்லிச் சோற்றில் கை வைத்தார்.

நான் அவர்களுக்குப் பின்னால் தண்ணீர்க் கூசாவோடு நின்றேன். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.